மருத்துவர் சாமுவேல் கிரீன்

அரியலூரிலும் பெரம்பலூரிலும் தமிழ் வழியில் உயிரியல் கற்கும் மாணவர், இதயத்தின் நான்கு அறைகளையும் அவற்றின் வேலைகளையும் தாய்மொழியிலேயே எழுதித் தேர்வு பெறுகின்றனர். நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், விலா எலும்பு என்னும் சொற்கள் அவர்களுக்குப் புதியன அல்ல. கருப்பையில் சிசு வளரும் முறையை விளக்குமாறு வினாத்தாள் கேட்குமாயின், தொப்புள்கொடி, பனிக்குடம் எனப் பாட்டிமார் வாயிலிருந்து கேட்ட சொற்களையே அவர்கள் விடையில் எழுதலாம். பாடநூல் தாய்சேய் இணைப்புத்திசு என்று நீட்டிக் கூறும் உறுப்பையும் அப்பாட்டிமார் நஞ்சு என்றோ நச்சுக்கொடி என்றோ சுருங்கச் சொல்லிவிடுவர்.

மேலைநாட்டு உடற்கூற்று நூலைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்னும் ஐயம் ஒருகாலத்தில் வலுவாக இருந்தது. சென்னையில் 1835-ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவப் பள்ளியில் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. பட்டமும் பதவியும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்தன. அந்நாளில், இயலும் என்று சொன்னதோடு அமையாது, இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக உழைத்து அதனைச் செய்தும் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் தமிழகத்தில் பிறந்தவர் அல்லர், தமிழரும் அல்லர். அமெரிக்க நாட்டவராகிய சாமுவேல் பிஸ்க் கிரீன் என்பவரே அவர்.

கிரீன் 1822-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஊஸ்டர் நகரில் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர் கொண்ட பெரிய குடும்பம் அது. அவருடைய தமையனாராகிய ஆண்டுரு கிரீன், பிற்காலத்தில் நியூயார்க் நகரின் நடுவே அமைந்த பெரும்பூங்காவை உருவாக்குவதில் முன்னின்றவர். 1898-இல் பல பகுதிகள் ஒன்றாகிப் பெருநகரமாவதற்கும் காரணராய் இருந்தவர். தம்பியோ நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். அந்நகரிலேயே தொழில் நடத்திப் பொருளீட்டுதல் அவருக்கு அரிதன்று. எனினும் அவர் உள்ளம் கீழ்த்திசையை நாடிற்று. அமெரிக்க மிஷன் சங்கத்தார் ஈழத்தின் வடபாலுள்ள யாழ்ப்பாணத்தில் பள்ளிகளும் திருச்சபைகளும் நடத்தி வந்தனர். அவர்களுடைய மருத்துவராய்ச் செல்ல அவர் இசைந்தார். கிறித்தவ சமயத்தைப் பரப்புதலே அவருடைய முதல் நோக்கம். மருத்துவம் அதற்குத் துணை. அதனை அவர் என்றும் மறைத்ததில்லை.

சூயஸ் கால்வாய் திறக்கப்படுவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முற்பட்ட காலம் அது. 1847-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பாஸ்டன் துறைமுகத்தினின்று பாய்க்கப்பலில் புறப்பட்ட இருபத்து நான்கு வயது இளைஞர், சென்னை வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்தபோது அக்டோபர் பிறந்துவிட்டது. முதலில் வட்டுக்கோட்டையிலும், அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயிலும் அவர் தங்கினார். மானிப்பாய்த் திண்ணையே அவருக்கு மருத்துவமனையாயிற்று. கட்டி, கண்ணோய், எலும்பு முறிவு, பாம்புக்கடி, பேறுகாலத் துன்பம் எனப் பலவகை நோயாளரும் நாள்தோறும் வந்து கூடினர். ஒருவர் ஒருவராய் எத்தனை பேருக்கு மருந்து கொடுப்பது? வந்த மறு ஆண்டே, அஃதாவது 1848-இல், உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தாம் ஒருவர் ஆற்றும் பணியைப் பலர் ஆற்றுமாறு செய்வதே அறிவுடைமை என்பது அவர் கருத்து.

அவ்வகுப்பு முதலில் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. அதற்குக் காரணம் உண்டு. வட்டுக்கோட்டையில் மிஷனார் 1823 முதல் நடத்திவந்த செமினரி, ஆங்கிலக் கல்வியால் கீழ்த்திசை எங்கும் புகழ் பெற்றிருந்தது. கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே பயின்றவரே. அத்தகைய மாணவருக்கு ஆங்கில நூலை வைத்துக் கற்பித்தல் எளிது. ஆனால் சில ஆண்டுகளில் கிரீன் ஓர் உண்மையைக் கண்டார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர் அரசாங்க வேலையை நாடி வெளியூர் சென்றனர். அவ்வேலையில் ஊதியம் மிகுதி, மதிப்பும் மிகுதி. கிராமத்து ஏழையோ முன்போலவே மருத்துவர் இன்றி வாடினான். யாருக்காக வகுப்புத் தொடங்கப்பட்டதோ அவருக்குப் பயன் கிட்டவில்லை.

தமிழில் கற்றவன் தமிழரிடையே தங்குவான் என்று கிரீன் எண்ணினார். இவ்வெண்ணம் அவரோடு பயின்ற இளைஞர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் உவப்பாயில்லை. அவர்களைக் குறை கூறுதலும் தகாது. ஆங்கிலம் அறிந்தவனுக்கே அலுவலகக் கதவு திறக்கும் காலத்தில், மகன் தமிழில் மட்டும் மருத்துவம் கற்று ஊரிலேயே இருப்பதை எந்தத் தந்தை விரும்புவார்? 1855-இல் செமினரி மூடப்பட்டபோதும் இதே வழக்கே எழுந்தது. மிஷனார் தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தினர். மக்கள் ஆங்கிலக் கல்வியை வேண்டி நின்றனர். இரு சாராரிடத்தும் நியாயம் இருந்தது. கிரீன் தம் முடிவினின்று பிறழவில்லை. ஆயினும், பாடநூல் இன்றித் தமிழ் வகுப்பு நடவாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆதலின் நூல்களை ஆக்கும் பெரும்பணியில் இறங்கினார்.

அப்பணியின் அருமை இன்று நமக்கு எளிதில் விளங்காது. எலும்பு, குடல், ஈரல், தோல், மூளை முதலிய சொற்கள் தமிழில் பண்டே உள்ளன. ஆனால் நரம்பு என்னும் ஒரு சொல்லை எடுத்துக் கொள்ளுங்கள். மணிக்கட்டில் நீலமாய்ப் புடைத்து ஓடும் குருதிக் குழாயையும் நரம்பு என்கிறோம். குதிகாலுக்கு மேல் தடித்த கயிறுபோல் தட்டுப்படும் நாணையும் நரம்பு என்கிறோம். மூளையினின்று செய்தி கொண்டு செல்லும் மெல்லிய இழையையும் நரம்பு என்கிறோம். பேச்சு வழக்கில் இதனால் கேடில்லை. அறுவை செய்யப் புகும் மாணவன் கையில் கத்தி இருக்கும்போது இந்த மயக்கம் உயிரைப் போக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வேண்டும். ஒருமுறை இட்ட பெயர் எல்லா நூலிலும் மாறாது வரவும் வேண்டும்.

இதற்குக் கிரீன் வகுத்துக்கொண்ட முறை தெளிவானது. முதலில் தமிழில் சொல் உண்டா என்று தேடுவார். இல்லையெனில் வடமொழியை நாடுவார். அங்கும் பொருந்துவது கிடைக்காவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதிக்கொள்வார். நூல்களோடு கலைச்சொல் அகரவரிசைகளையும் தொகுத்தார். இன்றைய நம் பாடநூல்களைப் புரட்டினாலும் இம்மூன்று வழிகளின் தடமும் தெரியும். நுரையீரல் தமிழ், தமனியும் சிரையும் வடமொழி, ஆக்சிஜன் ஆங்கிலத்தினின்று வந்தது.

நூல்களுக்கு அவர் இட்ட பெயர்கள் சுவையானவை. உடற்கூற்று நூலை அவர் அங்காதிபாதம் என்று வழங்கினார். தலைவனையோ தெய்வத்தையோ அடி முதல் முடி வரை வருணித்துப் பாடுவதைப் பாதாதிகேசம் என்பது நம் புலவர் மரபு. அம்மரபின் ஓசையை அப்பெயரில் கேட்கலாம். உறுப்புகளின் இயக்கத்தைக் கூறும் நூல் சுகரணம் ஆயிற்று. அறுவை மருத்துவம் இரண வைத்தியம் ஆயிற்று. வேதியியலுக்குத் தக்க பெயர் கிட்டாதபோது கெமிஸ்தம் என்றே அமைத்தார். அங்காதிபாதமும் சுகரணமும் கெமிஸ்தமும் இன்று வழக்கில் இல்லை. உடற்கூறியல், உடலியங்கியல், வேதியியல் என்பன அவற்றின் இடத்தைப் பெற்றுவிட்டன. சொற்கள் மாறினும், இந்நூற்பொருளைத் தமிழ் தாங்கும் என்பது அன்றே உறுதியாயிற்று.

அமெரிக்கராகிய கட்டர் எழுதிய உடற்கூறு, உடலியக்கம், நலவாழ்வு பற்றிய பள்ளி நூலே அவர் முதலில் மொழிபெயர்த்தது. டப்ளின் நகரத்து மான்செல் இயற்றிய நூலைத் தழுவிய பிரசவ வைத்தியம் 1857-இல் வெளிவந்தது. தாயும் சேயும் அறியாமையால் மாளும் கொடுமையை அவர் நேரில் கண்டிருந்தார்; பேறுகால நூலை இவ்வளவு முற்படவே ஆக்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை. இவ்விடத்தில் தமிழ் அவருக்குக் குறைவின்றிக் கைகொடுத்திருக்கும். ஏனெனில் கருவையும் பேற்றையும் பற்றிய சொற்கள் மருத்துவச்சிகளின் நாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவை. கருவைச் சூழ்ந்த நீர்ப்பையைப் பனிக்குடம் என்று பெயரிட்டவள் எந்தக் கல்லூரியிலும் பயின்றவள் அல்லள்.

பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்று நாம் சொல்வதும் பிழையன்று. கடைசி மாதவிலக்கின் முதல் நாளினின்று பேறு வரை மருத்துவர் எண்ணுவது ஏறத்தாழ 280 நாட்கள். அதனை 28 நாட்கள் கொண்ட திங்களாக வகுத்தால் சரியாகப் பத்து வரும்.

பின்னர் கிரீன் தாய்நாடு சென்றார். அங்கே 1862-இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் மங்கையை மணந்து, அவ்வாண்டே மனைவியாருடன் மானிப்பாய் மீண்டார். இம்முறை வகுப்பைத் தமிழிலேயே நடத்தலானார். 1867-இல் இரண வைத்தியம் அச்சேறியது. 1872-இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் வந்தன. இவற்றுள் மனுஷ அங்காதிபாதம், ஆங்கில மருத்துவ உலகம் இன்றும் போற்றும் கிரே என்பாரின் உடற்கூற்று நூலைத் தழுவியது. ஹென்றி கிரே அந்நூலை லண்டனில் வெளியிட்ட ஆண்டு 1858. மூன்றாண்டில் அவர் அம்மை நோயால் இளமையிலேயே இறந்தார். அந்நூல் தோன்றிய பதினான்காம் ஆண்டில் தமிழ் மாணவன் அதனைத் தமிழில் ஓதினான். இத்தகைய விரைவு இன்றும் நமக்குக் கைகூடவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வளவையும் கிரீன் தனியே செய்தார் என எண்ணுதல் தவறு. டான்வதர், சாப்மன் முதலிய அவருடைய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் பெரும்பங்கு கொண்டனர். பெயர்கள் மேனாட்டனவாயினும் இவர்கள் தமிழரே. அமெரிக்க நன்கொடையாளரின் பெயரை மாணவர்க்கு இடுதல் அந்நாளைய மிஷன் வழக்கம். மாணவர் வரைந்த படியைக் கிரீன் சொல் சொல்லாகத் திருத்துவார். அவ்வாறு அவரிடம் மருத்துவம் கற்றுத் தேறியவர் அறுபதின்மருக்கு மேலாவர்.

மாணவர் மேலைநாட்டு மருத்துவம் கற்றாலும் மேலைநாட்டு உடையும் உணவும் மேற்கொள்ளுதல் அவருக்குப் பிடிக்கவில்லை. தம் ஊராரைப்போல் எளிதாய் வாழ்பவனே ஊராரின் நம்பிக்கையைப் பெறுவான் என்று அவர் எடுத்துரைத்தார். வாந்திபேதி யாழ்ப்பாணத்தைச் சூறையாடிய 1866-ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் இதன் பயன் வெளிப்பட்டது. அந்நோயை விளைக்கும் நுண்ணுயிரைக் காக் என்னும் செருமானிய அறிஞர் ஆராய்ந்து நிறுவ இன்னும் பதினேழு ஆண்டுகள் இருந்தன. காரணம் துலங்காத அக்கொள்ளை நோயின் நடுவே கிரீனும் அவருடைய மாணவரும் ஊர் ஊராய்ச் சென்று பணிபுரிந்தனர்.

ஓயாத உழைப்பு அவர் உடலைத் தளர்த்தியது. 1873-இல் அவர் மானிப்பாயை விட்டு ஊஸ்டருக்குத் திரும்பினார். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1870-இல், கொழும்பில் அரசினர் ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்திருந்தனர். அங்கே பாடம் ஆங்கிலம். முடிவில் அரசாங்க வேலை. அதனோடு மானிப்பாய்த் தமிழ் வகுப்பு எவ்வாறு போட்டியிட இயலும்? கிரீன் சென்றபின் அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. கிரீனின் திட்டம் இவ்வகையில் தோற்றதென்றே கூற வேண்டும்.

ஆயினும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. தமிழ் ஒலி கேளாத அமெரிக்க நகரில் இருந்துகொண்டே, யாழ்ப்பாணத்து மாணவர் கப்பலில் அனுப்பிய கையெழுத்துப் படிகளைத் திருத்தி அனுப்பினார். 1875-இல் கெமிஸ்தம் நாகர்கோவிலில் அச்சாகி வந்தது. அதன்பின் வந்த மனுஷ சுகரணம் 1883-இல் வெளியாயிற்று. அது நியூயார்க் பேராசிரியர் டால்டன் எழுதிய நூலைத் தழுவியது. மூல நூல், உணவு செரித்து உடலாதலையும் நரம்பு மண்டலத்தையும் கூறியபின், கருத்தோன்றி வளர்தலை மூன்றாம் பகுதியாக விரிக்கிறது.

கருவியல் அப்போது மிக இளைய கலை. பாலூட்டிகளின் சினைமுட்டையை வோன் பேயர் முதன்முதல் கண்டது 1827-இல். கிரீன் அப்போது சிறு குழந்தை. விந்தணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்று கூடுவதைக் கடல் முள்ளெலியிடத்து ஹெர்ட்விக் நுண்ணோக்கியால் கண்டது 1876-இல். அன்று தொட்டு வளர்ந்த அறிவு இன்று நமக்குக் கூறுவது வியப்பைத் தருவது. கருவுற்ற முட்டை ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பிரிந்து, ஏறத்தாழ ஒரு கிழமையில் கருப்பைச் சுவரில் பதிகிறது. நான்காம் கிழமையில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. எட்டாம் கிழமை முடிவதற்குள் முதன்மையான உறுப்புகள் எல்லாவற்றுக்கும் அடிகோலப்பட்டு விடுகிறது. அப்போது அதன் நீளம் ஒன்றிரண்டு விரற்கடை அளவே.

கருவிலுள்ள சிசு நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. நச்சுக்கொடியில் தாயின் குருதியும் சேயின் குருதியும் மெல்லிய திரைக்கு இருபுறமும் ஓடுகின்றன, கலப்பதில்லை. அத்திரையின் ஊடே உயிர்வளியும் உணவும் சேயை அடைகின்றன. நுரையீரலுக்கு வேலையின்மையால், சிசுவின் இதயத்தில் வல மேலறைக்கும் இட மேலறைக்கும் இடையே ஒரு சாளரம் இருக்கிறது. குருதியில் ஒரு பகுதி அவ்வழியே நுரையீரலைச் சுற்றாது கடந்து செல்கிறது. குழந்தை பிறந்து வீறிட்டு அழும் அந்நொடியில் நுரையீரல் விரிகிறது. குருதி அதனுள் பாய்கிறது. சாளரத்தின் கதவு சாத்திக்கொள்கிறது. முதல் அழுகை கேட்டுத் தாய் மகிழ்வதன் உட்பொருளை உடலியங்கியல் இவ்வாறு விளக்குகிறது. இத்தகைய செய்திகளைக் கூறும் கலை ஒன்று தமிழில் அச்சேறுவதற்காகவே, நோயுற்ற முதியவர் ஒருவர் ஊஸ்டரில் விளக்கொளியில் படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

கிரீன் ஆக்கியும் ஆக்குவித்தும் தமிழுக்குத் தந்த மருத்துவ நூற்பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேற்படும். அரியலூரில் 2022-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்று திறக்கப்பட்டது. பள்ளியில் தமிழில் உயிரியல் கற்ற மாணவர் அங்கே சேர்ந்தால் ஆங்கிலத்திலேயே பாடம் கேட்கின்றனர். மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் முயற்சியைத் தமிழ்நாட்டு அரசு அண்மையில் மேற்கொண்டுள்ளது. மானிப்பாயில் எழுந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

மானிப்பாயில் கிரீன் நோயாளரைக் கண்ட இடத்தில் அவர் பெயரால் ஒரு மருத்துவமனை நிற்கிறது. 1884-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள், தம் அறுபத்திரண்டாம் வயதில், அவர் ஊஸ்டரில் காலமானார். மருந்துப் பொருள்களைப் பற்றிய இந்து பதார்த்த சாரம் என்னும் அவருடைய கடைசித் தமிழ் நூல் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. தம் கல்லறையில் பெயரும் ஆண்டும் பொறித்து, அதன் கீழே, தமிழருக்கு மருத்துவத் தொண்டு புரிந்த ஊழியர் எனக் குறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தமிழர் எவரும் அரிதாகவே செல்லும் அந்நகரத்து இடுகாட்டில், அக்கல் அவ்வாறே பொறிக்கப்பட்டது.